ஒற்றை ரிங்

தீ அணைந்த பிறகு லாண்டரிக்கு வந்த முதல் மூட்டை, தீ எட்டிக்கூடப் பார்க்காத வீட்டிலிருந்து வந்தது. திரைச்சீலை, போர்வை, கோட்டு என்று எல்லாவற்றையும் கவுண்டரில் கொட்டிவிட்டு, "புகை நாத்தம் போகணும்மா. ரசீதுல புகைச் சேதம்னு தெளிவா எழுதிக் குடுத்துடு" என்றார் அந்த மனிதர். மோந்து பார்த்தால் பூச்சி உருண்டை வாசம்தான் அடித்தது. நிவாரணம் உண்டு என்று டிவியில் சொன்னதிலிருந்து ஊரில் பாதிப் பேர் துணியில் புகை ஏறியிருந்தது.

கவுண்டரில் நின்ற தண்ணியக்கா பதில் பேசாமல் மூட்டையை வாங்கி வைத்தாள். முன்பென்றால், "என்ன சார், பீரோவே எரிஞ்சுபோச்சா?" என்று கேட்டு ஆளை ஒரு வழி பண்ணியிருப்பாள். இப்போது அவள் வாயைத் திறந்தாலே, 'நீ பேசுறியா?' என்று எதிரில் நிற்பவர்கள் கண்ணால் கேட்டார்கள். அந்தப் பார்வையை வாங்கிக்கொள்வதைவிட வாயை மூடிக்கொண்டு துணியை எண்ணுவது மேல் என்று இருந்தாள்.

தீயில் மாட்டிய மேல்தெருவிலிருந்து வந்த துணிகள் வேறு மாதிரி. அவற்றை எடுத்தவுடன் தண்ணீரில் போடக்கூடாது. போட்டால் கரி நூலுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். முதலில் பின்கட்டில் கொடி கட்டித் தொங்கவிட்டு, உதறாமல், தட்டாமல், காற்றே சாம்பலைக் கொண்டுபோகும்படி விட வேண்டும். பிறகு வினிகர் கலந்த தண்ணீரில் ஊறல். பிறகுதான் சோப்பு. அப்படியும் சில சட்டைகளில் காலர் மடிப்பில் வாசம் தங்கிவிடும். சுருக்கம் எடுக்கும்போது ஆவியோடு சேர்ந்து அது எழும்பி வரும். தேய்க்கிற பெண்கள் எல்லோரும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு நின்றார்கள்.

கவுண்டருக்கு மேலே இருந்த டிவி ஒரு நிமிஷம் ஓயவில்லை. ஹெலிகாப்டர் ஏன் வரவில்லை என்று ஒருவர் கத்துவார். மலையில் வீடு கட்ட அனுமதி கொடுத்தது உங்கள் ஆட்சியா எங்கள் ஆட்சியா என்று இன்னொருவர் கத்துவார். காய்ந்த புல்லை வெட்ட ஒதுக்கிய நிதி எங்கே போயிற்று என்று கேட்டால், காற்று அடித்ததற்கு அரசாங்கமா பொறுப்பு என்று பதில் வரும். அப்புறம் தவறாமல் அந்த வீடியோவைப் போடுவார்கள்.

அது யாரோ வீட்டு வாசல் கேமராவில் பதிவானது. மேல்தெரு. ஆள் நடமாட்டம் இல்லை. பகலே செம்மண் கரைத்த மாதிரி இருக்கிறது. நெருப்புத் துணுக்குகள் பறக்கின்றன. ஒரு வீட்டுக் கூரைமேல் யாரோ போட்டுவிட்டுப் போன ஹோஸிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது. குடிநீர் வாரியத்துச் சட்டை போட்ட ஒரு மனிதர் சுற்றுச்சுவர் ஏறிக் குதிக்கிறார். குழாயடிக்கு ஓடுகிறார். குழாயை மூடுகிறார். அடுத்த சுவரில் ஏறுகிறார்.

அந்தச் சட்டையை வாரத்துக்கு இரண்டு முறை துவைத்துத் தேய்த்துக் கொடுத்தவள் தண்ணியக்காதான். அந்த மனிதர் அவள் புருஷன்.

"ஊரு எரியுறப்ப குழாயை மூடுறான் பாரு" என்று டிவியைப் பார்த்துச் சொன்னார், கோட்டு கொண்டுவந்தவர். சொன்ன பிறகுதான் யார் முன்னால் சொல்கிறோம் என்று நினைவு வந்ததுபோல இருமினார். இருமல் பொய் என்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

*

தண்ணியக்கா என்ற பெயரைக் கேட்டுப் புதிதாக வருகிறவர்கள் வேறு ஏதோ நினைத்துச் சிரிப்பார்கள். அவள் ஆயுளில் சோடாவுக்கு மேல் எதையும் குடித்ததில்லை. புருஷன் வால்வுக்காரர். மலையடிவாரத்து மூன்று தெருக்களுக்கும் எப்போது தண்ணீர் விடுவது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அவர் கையில். மேட்டுத் தொட்டியில் அளவு பார்த்து, ஆள் உயர இரும்புச் சாவியைக் குழிக்குள் விட்டு, மாடு செக்கைச் சுற்றுகிற மாதிரி சுற்றித் திறப்பார். திறந்தவுடன் வீட்டுக்கு ஒரு ரிங் கொடுத்துவிட்டு வைத்துவிடுவார். ஒரே ஒரு ரிங். அவள் எடுக்க மாட்டாள். எடுக்கத் தேவையில்லை. ஒரு ரிங் என்றால் தண்ணீர் விட்டாயிற்று என்று அர்த்தம்.

கல்யாணமான புதிதில், காசு மிச்சம் பிடிக்க ஆரம்பித்த பழக்கம் அது. இப்போது பேசுவதற்குக் காசே ஆகாது என்றாலும் பழக்கம் போகவில்லை. ரிங் வந்ததும் அவள் மேல்தெருவில் பேக்கரியக்காவைக் கூப்பிடுவாள். பேக்கரியக்கா பக்கத்து வீட்டுக்கு, அந்த வீடு அடுத்த வீட்டுக்கு. தண்ணீர் குழாயில் வந்து சேர்வதற்குள் சேதி வந்து சேர்ந்துவிடும். குடம் வைத்துக்கொண்டு யாரும் காத்துக் கிடந்ததில்லை. வாரியத்து அறிவிப்பை நம்பாதவர்கள்கூட தண்ணியக்கா சொன்னால் நம்புவார்கள்.

தீப்பிடித்த அன்றும் அப்படித்தான். காலையிலிருந்தே காற்று சரியில்லை. மத்தியானம் கரண்டு போய், லாண்டரி மெஷின்கள் நின்று, முதலாளியம்மா எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னாள். தண்ணியக்கா வீடு சேரும்போது மலை முகட்டில் புகை திரண்டு நின்றது. போலீஸ் வண்டி மைக்கில் காலி பண்ணச் சொல்லிக்கொண்டு போனது. அவள் துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டிருந்தபோது போன் ஒரு ரிங் அடித்து நின்றது. அவர்தான். 'தண்ணி விட்டுட்டாரா, நல்லவேளை' என்று நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஒரு ரிங். அப்புறம் இன்னொன்று. மனுஷன் வால்வை முழுசாகத் திறந்துவிட்டுப் பதறிப் பதறிச் சொல்கிறார் என்று பட்டது. உடனே பேக்கரியக்காவைக் கூப்பிட்டாள்.

"யக்கா, தண்ணி முழுசா விட்டாச்சு. ஹோஸைத் தூக்கிக் கூரைமேல போட்டுத் திறந்து விட்ருங்க. நனைஞ்ச கூரைல நெருப்பு பிடிக்காது. எல்லாருக்கும் சொல்லிடுங்க."

எல்லோருக்கும் போயிற்று. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் மேல்தெரு போயிற்று. தீயணைப்பு வண்டிகள் வந்து தெருக்குழாயில் மாட்டியபோது, கொஞ்ச நேரம் தண்ணீர் வந்து, பிறகு வெறும் காற்று வந்தது. தண்ணீர் எங்கே போயிற்று என்பதுதான் அன்றிலிருந்து ஊர்ப் பேச்சு. அந்த வீடியோ வெளியான பிறகு பேச்சுக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது. மேட்டின் அந்தப் பக்கத்துப் பெரிய ஹோட்டலில் ஒரு செடிகூடக் கருகவில்லை. ஏழைகள் குழாயை மூடிவிட்டு வால்வுக்காரன் அங்கே தண்ணீர் அனுப்பினான் என்று முடிவு கட்டினார்கள்.

*

அவரை சஸ்பெண்ட் பண்ணிய மறுநாளே வாரியத்து ஆட்கள் வந்து இரும்புச் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கதவுக்குப் பின்னால் அது சாய்ந்து நின்ற இடத்தில் தரையில் ஒரு துருக்கறை மட்டும் இருந்தது. வால்வுக்காரர் அந்தப் பக்கம் பார்க்காமல் வீட்டு வேலையாகச் செய்துகொண்டிருந்தார். சொட்டுகிற குழாய்க்கெல்லாம் வாஷர் மாற்றினார். வெங்காயம் உரித்தார். அவள் வரும் நேரத்துக்கு ரொட்டியைச் சுட்டு, முட்டையை ஊற்றி, தட்டைத் தட்டால் மூடி வைத்தார். பேச்சு மட்டும் இல்லை. உள்ளங்கை இரண்டிலும் சுவர் ஏறிய கீறல்கள் ஆறிக்கொண்டு வந்தன.

அவளுடைய தம்பி வந்தான். கட்சிக்காரன். சட்டைப் பையில் எந்நேரமும் இரண்டு போன். எதிர்க்கட்சியில் வட்டாரப் பொறுப்பு ஏதோ ஒன்று.

"மாமா, ஒரே ஒரு வரி. மேலேருந்து போன் வந்துச்சு, குழாயெல்லாம் மூடச் சொன்னாங்க. இதை மட்டும் வரப்போற விசாரணைல சொல்லிடுங்க. மீதியை நாங்க பாத்துக்கறோம்."

"மேல யாரு?"

"அதை நீங்க சொல்ல வேணாம் மாமா. மேலேருந்துன்னு விட்டுடுங்க. மேல யாரு யாரு இருக்கான்னு ஊருக்குத் தெரியும்."

"மேல தொட்டிதான்டா இருக்கு."

"விளையாடாதீங்க. நாளைக்கு உங்களைத்தான் உள்ள தள்ளுவாங்க. அன்னைக்கு நாங்கதான் வந்து நிக்கணும்."

வால்வுக்காரர் உரித்த வெங்காயத்தைத் தண்ணீரில் போட்டார். "போன் வந்துச்சுன்னு எப்படிடா சொல்றது? அன்னைக்கு எங்கிட்ட போனே இல்ல. வீட்டுல வெச்சுட்டுப் போயிட்டேன்."

அடுப்படியில் நின்றிருந்த தண்ணியக்காவுக்குக் கரண்டி கையில் அப்படியே நின்றது. அன்றைக்கு அவர் நம்பரிலிருந்து ரிங் வந்ததை அவள் தன் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

மறுநாள் வாரியத்து இன்ஜினியர் வந்தார். எந்நாளும் இந்த வீட்டு வாசப்படி மிதிக்காத மனிதர், ஆப்பிள் பையோடு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, சுவரில் மாட்டியிருந்த படங்களையெல்லாம் பார்த்து முடித்த பிறகு பேச்சை எடுத்தார்.

"பதட்டத்துல நீங்களா எடுத்த முடிவுன்னு சொல்லிடுங்க. மனிதத் தவறுன்னு கோப்பை மூடிடுவாங்க. கொஞ்ச நாள் வேற பக்கம் மாத்துவோம். அப்புறம் பென்ஷன் வரைக்கும் உங்களை யாரும் தொட மாட்டாங்க."

"சரிங்க சார்."

"அந்தப் புதுத் தொட்டிப் பேச்சு மட்டும் எடுக்காதீங்க. அது இதுக்குச் சம்பந்தமில்லாத விஷயம்."

"சரிங்க சார்."

இவ்வளவு சீக்கிரம் சரி என்று சொல்வார் என்று இன்ஜினியரே எதிர்பார்க்கவில்லை. அதனால் அவருக்கும் சந்தேகம் வந்தது. "அன்னைக்கு யாருக்காவது போன் பண்ணீங்களா?"

"போன் வீட்டுல இருந்துச்சு சார்."

இன்ஜினியர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

"ஆமா சார்" என்றாள் தண்ணியக்கா. ஏன் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

இன்ஜினியர் தெருமுனை திரும்புகிறவரை பொறுத்திருந்தாள். "போன் வீட்டுல இருந்துச்சா? எந்த வீட்டுல?"

அவர் ஆப்பிளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"உங்களைத்தாங்க கேக்கறேன். யாரு கூப்பிட்டா உங்களை? ஹோட்டல்காரனா? தம்பி சொல்றது நிஜமா? அதை மறைக்கத்தான் போன் இல்லங்கறீங்களா?"

"அடுப்புல தீயுது பாரு."

பருப்பு அடிப்பிடித்திருந்தது. தீய்ந்த வாசம் அறை முழுக்கப் பரவியது. அந்த வாசம் கொஞ்ச நாளாகவே அந்த ஊரில் யாருக்கும் ஆகாது. இரண்டு பேரும் போய் ஜன்னலைத் திறந்துவிட்டு, ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

அன்றிலிருந்து அவள் வேவு பார்க்க ஆரம்பித்தாள். அப்படிச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும், ஆனால் அதற்கு வேறு பெயர் இல்லை. சட்டைப் பையைத் துழாவினாள். டீ குடிக்கப் போனால் பின்னாலேயே போய், எதிர்த்த கடையில் எதையோ விலை கேட்கிற மாதிரி நின்று பார்த்தாள். அவர் யாரோடும் பேசவில்லை. அதுவும் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. இத்தனை வருஷம் ஒரு ரிங்கில் முழுசாகப் புரிந்துகொண்ட மனுஷனை, பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு புரியவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? அவர் தப்பு செய்திருந்தால்கூடத் தாங்கிக்கொள்வாள். தன்னிடமே பொய் சொல்கிறார் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

*

விசாரணைக்கு முந்தின நாள் பேக்கரியக்காவின் புருஷன் பேக்கரிக்காரரின் துணிகள் தயாராகிவிட்டன. அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். இரண்டு கையும் வெந்துபோயிருந்தன. வேறு யாரையாவது அனுப்பலாம் என்று முதலாளியம்மா ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். தண்ணியக்கா கேட்கவில்லை. அந்தச் சட்டைகளை ஊறவைத்து, அலசி, மறுபடி ஊறவைத்து வாசம் போக்கியவள் அவள்தான். தானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றிருந்தது.

பேக்கரிக்காரர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். முழங்கை வரைக்கும் கட்டு. மாவு பிசைந்தே பழகிய கைகள், போர்வைமேல் யாரோ வைத்துவிட்டுப் போன பொட்டலங்கள் மாதிரி கிடந்தன. பேக்கரியக்கா எழுந்திருக்கவில்லை. பையை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"எப்படிக்கா இருக்காரு?"

"இருக்காரு."

"டாக்டரு என்ன சொல்றாரு?"

"விரல் மடங்கணுமாம். மடங்கினாத்தான் மேற்கொண்டு சொல்வாராம்." கொஞ்ச நேரம் கழித்து, அவளைப் பார்க்காமலே சொன்னாள்: "நாங்க கிளம்பிட்டோம் தெரியுமா? வண்டில உக்காந்தாச்சு. அப்பத்தான் உன் போன் வந்துச்சு. தண்ணி முழுசா விட்டாச்சு, கூரையை நனைங்கன்ன. இவரு இறங்கிட்டாரு. தண்ணியக்காவே சொல்லுது, தண்ணி இருக்குன்னா கடையைக் காப்பாத்திடலாம்னு கூரைமேல ஏறிட்டாரு. எனக்கு முன்னாடி நீ போன்னு என்னை அனுப்பிட்டாரு. நல்லாத்தான் அடிச்சுதாம் தண்ணி. திடீர்னு நின்னுபோச்சாம். அப்ப கீழ இறங்க வழியில்ல."

"அக்கா..."

"உன் வீட்டுக்காரரு ஏன் மூடினாருன்னு நான் கேக்கல. அவரு அடுத்த வீட்டுக் குழாயை மூடினாரு, எங்க வீட்டுக்கு வரவே இல்ல. எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். அன்னைக்கு உன்னைக் கூப்பிட்டாரு இல்ல, என்னதான் சொன்னாரு உங்கிட்ட?"

இத்தனை நாளில் இதை யாரும் தண்ணியக்காவிடம் கேட்கவில்லை. அவளும் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் என்ன சொன்னார் என்று அவளுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் இறங்கும்போது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாதியில் உட்கார்ந்துவிட்டாள். மேட்டுப் பக்கத்து போன் டவர் அன்றைக்கு எரிந்துகொண்டிருந்தது என்று டிவியில் எத்தனை தரம் காட்டினார்கள்! ஒரு ரிங்கில் அவர் வைக்கவில்லை. லைன்தான் அறுந்தது. மறுபடி அடித்தார். மறுபடி அறுந்தது. தான்தான் அதைத் தண்ணீர் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறோம் என்பது புரிந்தபோது, படியேறி வந்தவர்கள் விலகிப் போனார்கள். யாரையோ பறிகொடுத்தவள் என்று நினைத்திருப்பார்கள்.

*

வீட்டில் அவர் பின்வாசல் குழாயைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அதற்கு முந்தாநாள்தான் வாஷர் மாற்றியிருந்தார்.

"அன்னைக்கு எனக்கு போன் அடிச்சு என்ன சொல்ல வந்தீங்க?"

அவர் கை நின்றது.

"மூடச் சொல்லுன்னு சொல்ல வந்தேன்" என்றார். "கரண்டு போயி பம்பு நின்னுடுச்சு. தொட்டில இருக்கறதுதான் மிச்சம். வீட்டுக் குழாய்க்கும் தீயணைப்புக் குழாய்க்கும் ஒரே லைன். வீட்டுக் குழாயெல்லாம் மூடினாத்தான் வண்டிக்காரனுக்கு வேகம் கிடைக்கும். அந்த நேரத்துல எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ற வாய் உன் வாய் ஒண்ணுதான். அதான் அடிச்சேன்."

"நான் எடுக்கல."

"நீ என்னைக்கு எடுத்த?" சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "அடிச்ச கொஞ்ச நேரத்துல தொட்டி அளவு மடமடன்னு இறங்குச்சு. என்னடான்னு ஓடி வந்து பார்த்தா, பூட்டுன வீட்டுக் கூரையெல்லாம் ஹோஸு ஓடுது. அப்பவே புரிஞ்சு போச்சு. முடிஞ்ச வரைக்கும் ஏறி ஏறி மூடினேன்."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல? உங்களைத் திருடன் மாதிரி பார்த்துட்டிருந்தேனே நானு!"

"பாரு. பாத்துட்டுப் போ. ஊரு உன்னை அப்படிப் பாக்கறதுக்கு இது தேவலை." அவர் குரல் உயர்ந்தது, அந்த வீட்டில் அபூர்வம். "நீ போய்ச் சொன்னீன்னு வையி, ஒரே நாள்ல கதை மாறிடும். ரிப்பன் வெட்டுன புதுத் தொட்டி விரிசல் விட்டு ஏன் காலியா கிடக்கு, பம்புக்கு ஏன் ஜெனரேட்டர் இல்ல, நான் எத்தனை தரம் வாய் வலிக்கச் சொன்னேன், ஒரு பய கேக்க மாட்டான். ஒரு பொம்பள வாயால ஊரே எரிஞ்சுதும்பான். அவனுங்களுக்கு அல்வா மாதிரி. வேணாம். நான் பதட்டத்துல மூடிட்டேன்னு சொல்லிட்டு வந்துடறேன்."

அவள் அவர் கையைப் பிடித்துக் கீறல்களைத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் குழாயைத் திரும்ப மாட்டச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். இரண்டு பேரும் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

*

பள்ளிக்கூடத்து ஹாலில் பொது விசாரணை. பிள்ளைகள் வரைந்த படங்களுக்குக் கீழே மேஜை போட்டு விசாரணை அதிகாரி உட்கார்ந்திருந்தார். டிவி கேமராக்கள் ஒரு பக்கம். தம்பி ஆட்களோடு ஒரு பக்கம். இன்ஜினியர் முன்வரிசையில், கால்மேல் கால். பேக்கரியக்கா நடுவில் எங்கேயோ இருந்தாள்.

வீடியோவைப் போட்டார்கள். ஹால் முழுக்க முணுமுணுத்தது. வால்வுக்காரர் மைக் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏன் மூடினீங்க?"

"பதட்டத்துல மூடிட்டேங்க."

"யாராவது சொன்னாங்களா?"

"இல்லைங்க."

"யாருக்காவது தகவல் சொல்ல முயற்சி பண்ணீங்களா?"

"போன் எங்கிட்ட இல்லைங்க."

"பொய்!" என்று யாரோ கத்தினார்கள். "ஹோட்டல்காரன் காசு!" என்று தம்பியின் ஆட்களில் ஒருவன் கத்தினான். அப்போது தண்ணியக்கா எழுந்து நின்றாள். நிற்கிறவளைப் பார்த்து வால்வுக்காரர், உட்கார் உட்கார் என்று கையைக் காட்டினார். கேமராக்கள் அந்தக் கையையும் பிடித்தன.

"நான் அவரு சம்சாரம். அவருகிட்ட போன் இருந்துச்சுங்க."

ஹால் அடங்கியது. இன்ஜினியர் காலைக் கீழே இறக்கினார். யாரோ மைக்கை அவள் கையில் கொடுத்தார்கள்.

"யாருக்குக் கூப்பிட்டார்?"

"எனக்குத்தாங்க."

"என்ன சொன்னார்?"

"நான் எடுக்கலைங்க."

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வந்தது. அவள் அதை லட்சியம் செய்யாமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு ரிங் என்றால் என்ன அர்த்தம், கூரையை நனைக்கச் சொன்னது யார், அது யார் யாருக்கெல்லாம் போயிற்று, அவர் சுவர் ஏறியது எதற்கு. சொல்லச் சொல்ல, 'ஆமா, எங்களுக்கும் போன் வந்துச்சு' என்று அங்கங்கே ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குழாயை ஓட விட்டுப் போனது நாமும்தான் என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பல பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். இன்ஜினியருடைய முகத்தில் மட்டும் நிம்மதி தெரிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"என் தப்பை நான் சொல்லிட்டேன். பேக்கரிக்காரர் கைக்கு நான் பதில் சொல்லணும், சொல்றேன். ஆனா அந்தப் புதுத் தொட்டி..."

"அது இந்த விசாரணையோட வரம்புல இல்ல" என்றார் அதிகாரி. மைக் செத்துவிட்டது.

ராட்சச மெஷின்களுக்கு நடுவில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை அது. மைக்கை நாற்காலிமேல் வைத்துவிட்டுச் சொன்னாள். "புதுத் தொட்டி ஏன் காலியா இருந்துச்சு? நான் எடுத்திருந்தாலும், எல்லாரும் குழாயை மூடியிருந்தாலும், ஒத்தத் தொட்டித் தண்ணி எத்தனை வண்டிக்கு வரும்? பம்புக்கு ஜெனரேட்டர் எங்க? அவரு சொன்னதையெல்லாம் யாரு காதுல வாங்கினீங்க? அவங்களும் ஒருத்தர் வந்து இந்த மாதிரி நின்னு சொல்லட்டும்!"

ஹாலில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. டிவிக்காரர்களுக்கு மட்டும் கேட்கவில்லை. அவர்களுடைய ஒயர் மைக்கில் மாட்டியிருந்தது.

வெளியே வருவதற்குள் ஊர் போன்களிலெல்லாம் அவள் வீடியோவாக வந்துவிட்டாள். 'நான் எடுக்கலைங்க' என்று சொல்லிச் சொல்லி நின்றாள். தொட்டியைப் பற்றிச் சொன்னதில் ஒரு வார்த்தையும் அதில் இல்லை. மக்களின் அலட்சியமே காரணம் என்று யாரோ அறிக்கை விட்டாயிற்று. தம்பி படிக்கட்டில் வழிமறித்தான்.

"அக்கா, எல்லாத்தையும் கெடுத்துட்டியே! அவனுங்களைக் காப்பாத்தி விட்டுட்டியே!"

"நீ யாரைக் காப்பாத்தப் பாத்தடா?" என்றாள். அவன் இரண்டு போனில் ஒன்றை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான்.

பேக்கரியக்கா வந்து எதிரில் நின்றாள். அடிப்பாளோ என்றுகூடத் தோன்றியது. அடித்தால் வாங்கிக்கொள்வதாக நின்றாள் தண்ணியக்கா.

"உங்கிட்ட இப்ப எனக்குப் பேச வராது" என்றாள் பேக்கரியக்கா. "அவரு விரல் மடங்கட்டும். அப்புறம் பாப்போம்." இரண்டு படி இறங்கிப் போய்த் திரும்பினாள். "அந்தத் தொட்டி நிஜமாவே காலியா?"

"காலிதான்க்கா. கட்டினதுலேருந்து."

"இதை நான் யார்கிட்டப் போய்க் கேக்கணும்?"

"தெரியலக்கா. நாளைக்கு நானும் வர்றேன், சேந்து கேப்போம்."

பேக்கரியக்கா வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போய்விட்டாள்.

கூட்டம் அவளை இடித்துக்கொண்டு இறங்கியது. சில பேர் வேண்டுமென்றே இடித்தார்கள். வால்வுக்காரரை எங்கேயும் காணவில்லை. கையிலிருந்த போன் அடித்தது. அவர்தான். ஒரு ரிங். அவள் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் அசையாமல் இருந்தது. நின்றுவிடும் என்று காத்திருந்தது. நிற்கவில்லை. மறுபடி அடித்தது, மறுபடியும் அடித்தது.

எடுத்தாள். "சொல்லுங்க."

"எங்க இருக்க?"

"படிக்கட்டுல."

"அங்கயே நில்லு. வர்றேன். வெச்சுடாத."

"வெக்கலங்க" என்றாள். அவர் மூச்சு வாங்குவதும், "கொஞ்சம் வழி விடுங்க" என்று யாரிடமோ கேட்பதும், யாரோ அவரை ஏதோ திட்டுவதும் காதில் விழுந்தன. கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவர் எதிரில் வந்து நிற்கும்வரை இரண்டு பேரும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.